ஆடு போனாலும் எழுதிக்கொள்ளுங்கள் ஏட்டையா

எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு கேமராதான். ஊர் எல்லையில் ஒன்று, அம்மன் கோயில் முனையில் ஒன்று, ரேஷன் கடை எதிரே ஒன்று வைக்கப்போகிறார்களாம். அம்பத்தூர், கொளத்தூர், பாடி என்று சென்னையில் செட்டிலாகிவிட்ட எங்களைப் போன்றவர்களிடம் வசூல் நடக்கிறது. என் பங்கைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த உரிமையில் நாலு வார்த்தை சொல்லலாம் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் பெயர் வேண்டாம். செங்குன்றத்தில் ஊத்துக்கோட்டை பஸ் ஏறி, பெரியபாளையம் தாண்டி இறங்கி, உள்ளே போக வேண்டும். 2022 ஜனவரி 1 அன்று தாம்பரம், ஆவடி என்று இரண்டு புதிய காவல் ஆணையரகங்கள் தொடங்கியபோது மீஞ்சூர், சோழவரம் பக்கமெல்லாம் கமிஷனர் கைக்குப் போனது. எங்கள் பக்கம் இன்னும் திருவள்ளூர் எஸ்.பி.தான். எது மேல் என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. கமிஷனர் இருந்தாலும் எஸ்.பி. இருந்தாலும் ஊருக்குள் வரப்போகிறவர் ஒரு கான்ஸ்டபிள். அவர் வருகிறாரா, வந்தால் யாரோடு பேசுகிறார், கேட்டதை எங்கே எழுதுகிறார் என்பதுதான் என் கவலை.

போன தை மாதம் என் சித்தப்பாவின் பட்டியில் ராத்திரி ஆடு போனது. மூன்று ஆடு, ஒன்று சினை. விடிந்து பார்த்தால் வேலிக் கம்பி கட்டர் வைத்து நறுக்கியது போல வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. ஈரமண்ணில் டாடா ஏஸ் மாதிரி சின்ன வண்டியின் டயர் தடம். பட்டியை ஒட்டி நாயும் சுருண்டு கிடந்தது, மத்தியானம்தான் எழுந்தது. வெறும் கையோடு வந்தவன் வேலையில்லை இது. சித்தப்பா ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். "ஆடுதானே பெரியவரே, எங்கயாவது மேயப் போயிருக்கும். ரெண்டு நாள் தேடிப் பாருங்க" என்று சொல்லி மனுவை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார்கள். ரசீது கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது என்று ஒன்று தர வேண்டும், அதில் எண் இருக்கும், அந்த எண்ணை வைத்து அப்புறம் போய்க் கேட்கலாம். பட்டிக்குள் வந்து ஆட்டைத் தூக்கியது போல, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். சென்னையில் செல்போன் தொலைத்தவனுக்குக்கூட இதெல்லாம் அத்துப்படி. ஆட்டைத் தொலைத்தவருக்குத் தெரியாது.

அதே மாதம் பக்கத்து ஊரில் போர்வெல் மோட்டாரின் கேபிளை அறுத்துக்கொண்டு போனார்கள். செம்புக் கம்பிக்காக. அவர்கள் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. "ஒயருக்குப் போய் யார் நாள் பூரா நிக்கிறது" என்றார் அந்த நிலத்துக்காரர். அப்புறம் ஒரு காலனியில் இன்னும் இரண்டு ஆடு. கடைசியில் நூறு நாள் வேலை முடிந்து ஏரிக்கரையில் நடந்துவந்த ஒரு அக்காவின் தாலிச் சரடை பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனான். அன்றைக்குத்தான் ஜீப் வந்தது, இன்ஸ்பெக்டர் வந்தார். ஜீப் போன பிறகு டீக்கடையில் பேச்சு உருண்டது. ஆடு போன ராத்திரி ஒருவர் அந்தச் சின்ன வண்டியைப் பார்த்திருக்கிறார். கேபிள் போன அன்று இன்னொருவர் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊருக்கு ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். சத்தியவேடு பக்கம் வண்டியை விட்டால் விடிவதற்குள் ஆடு வேறு மாநிலத்து ஆடு. நாலு ஊரில் நடந்ததை ஒரே நோட்டில் எழுதிப் பார்த்திருந்தால் மாதக் கடைசிக்குள் அந்த வண்டி மாட்டியிருக்கும் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

இதில் சட்டமும் ஒரு முட்டுக்கட்டை போட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சாதாரணத் திருட்டு என்றால் போலீஸ் தானாகக் கைது செய்ய முடியாது, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் விசாரிக்கவும் முடியாது. ஐந்து கோழி, பத்து மீட்டர் ஒயர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு அது சில்லறை. கைக்கும் வாய்க்குமாக இருக்கிற வீட்டில் ஐந்து கோழி என்பது ஒரு மாத மளிகை. விசாரிக்க முடியாவிட்டாலும் எழுதிக்கொள்ள எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தகவலின் சாரத்தைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அதே சட்டம்தான் சொல்கிறது.

சரி, போலீஸ்காரர் தரப்பையும் சொல்ல வேண்டும். ஒரு ஸ்டேஷனுக்குக் கீழே எத்தனை கிராமம் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்கள். ஆடி பிறந்தால் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு வாரக்கணக்கில் கூட்டம். வேப்பஞ்சேலை கட்டி வருகிறவர்கள், பொங்கல் வைக்கிறவர்கள், வேன்கள், சாலை நெரிசல். சுற்று வட்டார ஸ்டேஷன் ஆட்கள் எல்லாம் அங்கே பந்தோபஸ்து. தலைவர் வந்தால் பந்தோபஸ்து, தேர்தல் என்றால் பந்தோபஸ்து. மிச்ச நேரம் கோர்ட், சம்மன், பாரா டியூட்டி. கிராம ரோந்துக்கு என்று எழுதப்பட்ட கான்ஸ்டபிள் ரோந்து வந்ததற்கு அடையாளமான பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதே பெரிது. அவரை நான் திட்ட மாட்டேன்.

ஆனால் பைக்கிலோ ஜீப்பிலோ சும்மா சுற்றிவிட்டுப் போவதில் என்ன பலன் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் 1972-73இல் ஒரு சோதனை செய்தார்கள். சில பகுதிகளில் வண்டி ரோந்தையே நிறுத்தினார்கள், சில இடங்களில் இரண்டு மூன்று மடங்கு கூட்டினார்கள், சில இடங்களில் பழையபடி விட்டார்கள். குற்றத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மக்களின் பயத்திலும் இல்லை. பிறகு நியூவார்க் நகரில் போலீஸை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். குற்றம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் அங்கே குடியிருந்தவர்களின் பயம் குறைந்தது. பயம் குறைந்தால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். வாய் திறக்கும். வண்டியைப் பார்த்த அந்த இரண்டு பேரும் அன்றைக்கே பேசியிருப்பார்கள்.

இதற்கு நியூவார்க் வரை போக வேண்டியதில்லை. பக்கத்தில் கேரளாவில் 2008இல் ஜனமைத்ரி என்று ஒரு போலீஸ் திட்டம் ஆரம்பித்தார்கள். பீட் ஆபீசர் தன் பகுதியில் வீடு வீடாகப் போய் ஆட்களைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ஜப்பானில் கிராமத்துப் போலீஸ்காரர் குடும்பத்தோடு ஸ்டேஷனோடு சேர்ந்த வீட்டிலேயே குடியிருக்கிறார். நம் மாநிலத்திலும் ஊருக்கு ஒரு காவலர் என்று பொறுப்புக் கொடுத்து, பெயரும் செல் நம்பரும் பலகையில் எழுதிவைத்த மாவட்டங்கள் உண்டு. எங்கள் ஊரிலும் ஒரு பலகை இருக்கிறது. அதிலிருக்கும் நம்பரைக் கூப்பிட்டேன். எடுத்தவர் மாற்றலாகி வேறு எங்கோ இருக்கிறார். "யாருங்க இன்னும் அந்த நம்பரை அழிக்கலையா?" என்று அவரே சிரித்தார், நல்ல மனுஷன். ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்குக் குறைந்தது இரண்டு வருடமாவது ஒரே இடத்தில் பதவிக்காலம் இருக்க வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊர்க் காவலருக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும். ஊர் முகம் பிடிபடவே ஒரு வருஷம் ஆகும்.

இங்கே நம் ஆட்கள் சிலர் சொல்கிறார்கள்: போலீஸ் வராவிட்டால் என்ன, பையன்களைச் சேர்த்து நாமே ராத்திரி காவல் போடுவோம், கம்பு வாங்கிக்கொடுப்போம். இதில் எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு.

2018 மே மாதத்தை மறந்துவிட்டோமா? பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று வாட்ஸப்பில் பரவிய புரளியில் ஊர் ஊராகக் காவல் போட்டார்கள். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பம், போளூர் பக்கம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது என்பதற்காக அடித்து நொறுக்கப்பட்டது. 65 வயது மூதாட்டி செத்துப்போனார். அதே நேரத்தில் எங்கள் மாவட்டத்துப் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். செய்தவர்கள் எல்லாம் ஊரைக் காப்பாற்றுவதாக நினைத்தவர்கள்தான். தன்னார்வலர்களைப் போலீஸோடு சேர்ப்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் 1993இல் ராமநாதபுரத்தில் நல்ல எண்ணத்தோடு தொடங்கியது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த பிறகு அந்த அமைப்பின் பெயரும் அடிபட்டது, ஜூலையில் அரசே அதைத் தடை செய்தது.

இன்னொன்று, காவல் போடுகிற குழுவில் யார் இருப்பார்கள்? ஊர்த் தெரு ஆட்கள் இருப்பார்கள். யாரை நிறுத்திக் கேட்பார்கள்? காலனிப் பையனை, செங்கல் சூளைக்கு வந்த வடநாட்டுப் பையனை, ஏரிக்கரை இருளர் குடிசைக்காரரை. இது என் கற்பனை இல்லை. பிறப்பை வைத்தே ஆளைத் திருடன் என்று எழுதிவைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 வரை இருந்தது. சட்டம் போனது, பழக்கம் போகவில்லை. துப்புத் துலங்காத திருட்டுக்கு இருளர்களை இழுத்துக்கொண்டு போன கதைகள் வட மாவட்டங்களில் ஏராளம். அந்தக் காலத்தில் தலையாரி இருந்தார், ராத்திரி குரல் கொடுத்துக்கொண்டே போவார், திருட்டே இல்லை என்று பெரியவர்கள் உருகுவார்கள். தலையாரி, கிராம அதிகாரியான மணியக்காரர் சொன்னதைத்தான் செய்தார், மணியக்காரர் எந்தத் தெருக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை 1980இல் ஒழித்தது சும்மா இல்லை.

கேமராவுக்கு வருகிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னையில் மூன்றாவது கண் திட்டத்தில் தெருத் தெருவாக வைத்தார்கள், வழக்குகளில் உதவுகிறது. ஆனால் சென்னையில் அதற்கு கரண்ட் இருக்கிறது, வருஷப் பராமரிப்புக்கான ஏ.எம்.சி. கட்ட அசோசியேஷன் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கைப் பார்க்க ஆள் இருக்கிறது. எங்கள் ஊரில் புயல் அடித்தால் கரண்ட் எப்போது வரும் என்று ஈ.பி.க்காரருக்கே தெரியாது. கேமரா படம் பதிவாகிற டி.வி.ஆர். பெட்டியை யார் வீட்டில் வைப்பது என்பதிலேயே இப்போது இரண்டு கோஷ்டி. வருஷச் செலவுக்கு இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பெரிய குற்றம் என்றால் எல்லோரும் 2005 ஜனவரியைச் சொல்வார்கள். தானாக்குளத்தில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தை வீடு புகுந்து கொன்ற கொள்ளைக் கும்பல். நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளாகக் குறிவைத்து வந்தவர்கள். அப்படிப்பட்ட கும்பலை நம் கோயில் முனைக் கேமரா தடுக்காது, அதற்கு மாநிலம் தாண்டிய விசாரணை வேண்டும். ஆனால் ஆடு, கேபிள், தாலிச் சரடு, பெட்டிக்கடைக் கஞ்சா இதையெல்லாம் ஊர் தெரிந்த ஒரு காவலரால் பெரும்பாலும் பிடிக்க முடியும். தகவல் சொன்னவர் பெயர் அன்று சாயங்காலமே சம்பந்தப்பட்டவன் காதுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். 2024இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டவர்கள் சாராயத்துக்குச் செத்தார்கள். எங்கே விற்கிறது என்று அந்தத் தெருவுக்கே தெரியும். சொல்லி என்ன ஆகப்போகிறது, சொன்னவனுக்குத்தான் வம்பு என்ற நினைப்பு இருக்கிற இடத்தில் வாய் எப்படித் திறக்கும்?

அதனால் என் யோசனை இது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் கேமராவோடு சேர்த்து இன்னொரு தீர்மானமும் போடுங்கள். எங்கள் ஊருக்கான காவலர் ஒவ்வொரு கிராம சபைக்கும் வர வேண்டும். முந்தைய சபைக்குப் பிறகு ஊரிலிருந்து எத்தனை மனு வந்தது, எத்தனைக்கு சி.எஸ்.ஆர். போட்டார்கள் என்று, பெயர் இல்லாமல், எண்ணிக்கையை மட்டும் வாசிக்க வேண்டும். குழு அமைப்பதாக இருந்தால் காலனியிலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். கையில் கம்பு கிடையாது, யாரையும் நிறுத்திச் சோதிக்கிற வேலையும் கிடையாது. பார்த்ததை எழுதிக்கொடுப்பதோடு சரி. தீர்மானத்தின் நகல் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போகட்டும். வாசகம் நான் டைப் செய்து தருகிறேன். சித்தப்பாவின் மனுவையும் புதிதாக எழுதி இணைக்கிறேன், இந்த முறை ரசீது வாங்க நானே கூடப் போகிறேன்.