ஐந்து பேர் எஞ்சிய உலகில்

அணு ஆயுதப் போருக்குப் பின் எஞ்சியவர்களைப் பற்றிய ஹாலிவுட் படங்களில் முதலாவதாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, ஆர்ச் ஓபோலர் 1951-இல் எழுதித் தயாரித்து இயக்கிய 'ஃபைவ்'. வானொலி நாடகங்களால் பெயர் பெற்ற அவர், கலிபோர்னியாவின் மாலிபு மலைப்பகுதியில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் தமக்கு வடிவமைத்துக் கொடுத்த வீட்டையே படப்பிடிப்புத் தளமாக்கி, மிகச் சொற்பச் செலவில் படத்தை முடித்தார்.

அறிவியல் கணக்குப் பார்த்தால் படம் தேறாது. கதிரியக்கம் மனிதர்களை எலும்புக்கூடாக்கிவிட்டுக் கட்டடங்களைக் கீறல்கூட இல்லாமல் விட்டுவைக்கிறது. கர்ப்பிணியான ரோசன், மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் இருந்ததால் பிழைக்கிறாள். வங்கி ஊழியர்கள் இருவர் பெட்டக அறையில் அடைபட்டதால் பிழைக்கிறார்கள். எரிக் என்பவனோ எவரெஸ்ட் ஏறப் போனதால் பிழைத்தானாம். (டென்சிங்கும் ஹிலாரியும் அதன் உச்சியைத் தொட்டது 1953-இல்தான்!)

ஆனாலும் எனக்கு இந்தப் படம்தான் பெரிது. அந்த வங்கி ஊழியர்களில் ஒருவரான சார்ல்ஸ் கறுப்பினத்தவர். உடன் வந்த முதியவர் இறந்துபோக, உலகில் நால்வரே மிஞ்சிய நிலையிலும், அவரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதை எரிக்கால் சகிக்க முடியவில்லை. கடைசியில் அவரைக் குத்திக் கொன்றும் விடுகிறான். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, குண்டு எதையெல்லாம் அழிக்காது என்பதைப் பூசி மெழுகாமல் காட்டிய படம் இது.

1959-இல் வந்த 'த வேர்ல்ட், த ஃப்ளெஷ் அண்ட் த டெவில்' இதே விஷயத்தைப் பெரும் பொருட்செலவில் எடுத்துக்கொண்டது. ஆளற்ற நியூயார்க் வீதிகளில் கறுப்பின நடிகர் ஹாரி பெலஃபான்ட்டி தனியே நடக்கும் காட்சிகளுக்கு ஈடில்லை. ஆனால், வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியும் வெள்ளைக்காரன் ஒருவனும் வந்து சேர்ந்தபின் கதை தடுமாறுகிறது. துப்பாக்கியோடு துரத்திக்கொண்ட இருவரும் அவளும் கைகோத்து நடக்க, திரையில் 'முடிவு' என்பதற்குப் பதில் 'தொடக்கம்' என்று எழுத்து விழுகிறது. அதுவரை எழுப்பிய கேள்வியிலிருந்து நைசாக நழுவும் வழியாகவே அது எனக்குப் படுகிறது.

ஓபோலர் அப்படி நழுவவில்லை. ஊரில் கொள்ளையடித்த நகைகளோடு நிற்கும் எரிக்கின் சட்டை கிழிய, மார்பில் கதிரியக்கப் புண்கள் தெரிகின்றன; அவன் அலறியபடி ஓடுகிறான். திரும்பும் வழியில் ரோசனின் குழந்தையும் இறந்துவிடுகிறது. ஐவரில் இன்னொருவனான மைக்கேல் ஒன்றும் பேசாமல், பாழாகிக் கிடக்கும் நிலத்தை மறுபடி கொத்தத் தொடங்குகிறான். சற்று நேரத்தில் அவளும் வந்து சேர்ந்துகொள்கிறாள்.