படுத்துக்கொண்டு ரத்தம் கொடுப்பவன்

இந்தப் பதிவோடு படம் எதுவும் போடவில்லை. ஊசியைப் பற்றி யார் எழுதினாலும், சிரிஞ்சு முனையில் ஒரு சொட்டு தொங்கும் படத்தை மேலே வைத்துவிடுகிறார்கள். 2021-இல் கோவிட் தடுப்பூசி போட்ட நாட்களில் எந்தச் செய்திச் சேனலைத் திறந்தாலும் யாருடைய புஜத்திலாவது ஊசி இறங்கிக்கொண்டிருக்கும். தயங்குகிறவர்களை வரவழைக்கத்தான் அந்தச் செய்தியே! நான் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

நாற்பது தாண்டிவிட்டது, ஊசி என்றால் இன்னும் பயம்தான். சொன்னதுமே ஆளாளுக்கு அறிவுரை. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." "எங்கப்பா இன்சுலினைத் தினமும் தானே குத்திக்கிறார்." பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்திக்கொள்ளும் சித்தப்பா ஒருவர் உண்டு. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளுவார். "இவ்வளவுதான்டா வலி!"

வலியைத் தாங்கிக்கொள்வேன் சித்தப்பா. கதவில் விரல் நசுங்கினால் ஒரு கத்து கத்திவிட்டு வேலையைப் பார்ப்பேன். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் லேபில் நடப்பது வேறு. முழங்கைக்கு மேல் ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டி, "கையை மூடிக்குங்க சார்" என்று ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, இரண்டு விரலால் தட்டித் தட்டி "நரம்பே கிடைக்கலையே" என்று முணுமுணுப்பார்கள் பாருங்கள், அப்போதே காதுக்குள் ரீங்காரம் தொடங்கிவிடும். உள்ளங்கால் வியர்க்கும். டியூப்லைட் மங்கும். அப்புறம் கண் விழிக்கும்போது முகமெல்லாம் தண்ணீர், சுற்றிலும் ஆட்கள். ஒருமுறை ஸ்டூலிலிருந்து சரிந்ததில் மேசை விளிம்பு பட்டுப் புருவம் கிழிந்தது. அதற்குத் தையல். தையலுக்கு முன் மரத்துப்போக ஊசி, முடிந்ததும் டிடி ஊசி. சிரிக்கலாம், தப்பில்லை.

பாம்பு, பல்லி, உயரம் போன்ற பயங்களில் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அதனால் மயக்கம் வருவது அபூர்வம். ரத்தம், காயம், ஊசி வகைப் பயத்தில் பலருக்கு முதலில் ஏறிய அழுத்தம் சட்டென்று சரிகிறது, இதயத் துடிப்பும் குறைகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து ஆள் விழுகிறான். பரம்பரையாகவும் வரும். எங்கள் அம்மா கறிக்கடைப் பக்கமே நிற்க மாட்டார். ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1995-இல் ஊசிப் பயத்தைக் கவனிக்கப்படாத நோய் என்றே கட்டுரை எழுதினார். பத்தில் ஒருவருக்காவது இருக்கும் என்பது அவர் கணக்கு. அப்படியானால் நம் தெருவிலேயே எத்தனை பேர் சுகர் டெஸ்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பார்கள்?

எனக்கு ஆத்திரம் வருவது ஒரு விஷயத்தில்தான். "ரிலாக்ஸா இருங்க, உடம்பைத் தளர்த்துங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள். மயங்கி விழுகிறவனுக்கு அது நேர் எதிரான யோசனை. லார்ஸ்-யோரன் ஓஸ்ட் என்ற சுவீடன் உளவியலாளர் 1980-களிலேயே ஒரு பயிற்சியை வகுத்துவிட்டார்: கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடாகும்வரை 10, 15 விநாடி இறுக்க வேண்டும். அரை நிமிடம் விட்டு மறுபடி இறுக்க வேண்டும். இப்படி ஐந்து தடவை. சரியப் பார்க்கும் அழுத்தம் இதில் ஏறி நிற்கும். ஊசி ஏறும் கையை மட்டும் தளர்வாக விட்டுவிட வேண்டும். செலவில்லாத வைத்தியம். எந்த லேபிலாவது இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

நான் இப்போது உள்ளே போனதும் கேட்டுவிடுகிறேன், "சிஸ்டர், படுத்துக்கிட்டே குடுக்கட்டுமா?" படுத்தால் மயக்கம் வருவது குறையும், வந்தாலும் விழுந்து அடிபட வழியில்லை. ஓர் இடத்தில், "சின்னப் புள்ளைங்களே உக்காந்து குடுக்குது" என்று பதில் வந்தது. வேறு லேபுக்குப் போய்விட்டேன். பணம் கொடுத்துத்தானே போகிறோம்?

சின்னப் பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. "சாப்பிடலைன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்." இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. மூன்று வயதில் தண்டனையாகக் காட்டியதை ஐந்து வயதில் மருந்து என்று எப்படி நம்பவைப்பது? "வலிக்கவே வலிக்காது" என்பது அதைவிட மோசம். குத்திய மறுகணம் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், நாம் சொன்னது பொய் என்று. என் மகளிடம் "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் போயிடும்" என்றுதான் சொல்வேன். தோலை மரக்கச் செய்யும் களிம்புகூட இருக்கிறது, ஒரு மணி நேரம் முன்னாலேயே தடவ வேண்டும். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

மகளைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போவது என் மனைவிதான், அது தனிக் கதை.

இப்போதைக்குப் பாக்கி, கடைவாய்ப் பல். ஈறில் ஊசி போடுவார்கள் என்பதற்காகவே கிராம்பு வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன். பல் டாக்டர் நாற்காலியை எப்படியும் சாய்த்துத்தான் வைப்பார்கள், படுக்கட்டுமா என்று யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.