போர்ட்டலைத் திட்டுறவங்க இந்த லிஸ்ட்டை ஒரு தடவை பாருங்க

காலேஜ் ஃபுட்பால் பாக்குற நம்ம ஆளுங்க எந்த க்ரூப்ல கூடினாலும் இப்போ ஒரே புலம்பல்தான். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (காலேஜ் மாற நினைக்கிற பிளேயர் பேர் குடுக்கிற லிஸ்ட்) வந்து விளையாட்டே கெட்டுப்போச்சு, பசங்களுக்கு விசுவாசமே இல்ல, எவன் காசு குடுக்கிறானோ அவன் பின்னாடி போறானுங்கன்னு. நான் இதை ஒத்துக்கவே மாட்டேன். என்னைக் கேட்டா ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் இந்த விளையாட்டுல பசங்களுக்குன்னு நடந்த உருப்படியான விஷயமே போர்ட்டல்தான். ஏன்னு சொல்றேன், நீளமாப் போகும், பொறுமையா படிங்க. (அமெரிக்கன் ஃபுட்பால் பத்தி பேசுறேன், பந்தைக் கையில எடுத்துக்கிட்டு ஓடுவாங்களே, அது.)

ஹைஸ்மன் டிராஃபி தெரியும்ல, 1935ல இருந்து வருஷா வருஷம் காலேஜ் லெவல்ல பெஸ்ட் பிளேயர்னு ஒருத்தனுக்குக் குடுக்கிற விருது. கடைசி ஒன்பது வருஷ லிஸ்ட்டைப் பாருங்க. 2017 பேக்கர் மேஃபீல்ட், 2018 கைலர் மர்ரி, 2019 ஜோ பர்ரோ, 2020 டெவான்டா ஸ்மித், 2021 ப்ரைஸ் யங், 2022 கேலப் வில்லியம்ஸ், 2023 ஜேடன் டேனியல்ஸ், 2024 டிராவிஸ் ஹன்டர், 2025 ஃபெர்னாண்டோ மென்டோசா. இதுல சேர்ந்த காலேஜ்லயே இருந்து ஜெயிச்சவங்க ஸ்மித்தும் யங்கும் மட்டும்தான், ரெண்டு பேருமே அலபாமா. மத்த ஏழு பேரும் முதல்ல ஒரு இடத்துல சேர்ந்து, அப்புறம் வேற இடத்துக்குப் போய் ஜெயிச்சவங்க. ஒன்பதுக்கு ஏழு!

அந்த ஏழு பேர்லயும் முதல் மூணு பேர் போர்ட்டலுக்கு முன்னாடி மாறினவங்க, போர்ட்டல் வந்ததே 2018 அக்டோபர்லதான். அவங்க என்ன விலை குடுத்தாங்கன்னு பாருங்க. மேஃபீல்ட் டெக்சஸ் டெக்ல ஸ்காலர்ஷிப்பே இல்லாம வாக்-ஆனா சேர்ந்து, முதல் வருஷமே முதல் டீம்ல ஆடி, அப்புறம் ஓக்லஹோமா போனான், போனதுக்கு 2014 முழுக்க வெளிய உக்கார வச்சாங்க. மர்ரி டெக்சஸ் ஏ அண்ட் எம்ல இருந்து அதே ஓக்லஹோமாவுக்கு வந்தான், அவனுக்கும் 2016 முழுக்க போச்சு. பர்ரோ மட்டும் ஓஹையோ ஸ்டேட்ல டிகிரியை முடிச்சுட்டு வந்ததால எல்.எஸ்.யூ.ல (லூசியானா ஸ்டேட்) உடனே ஆட முடிஞ்சது. பத்தொன்பது இருபது வயசுப் பையனுக்கு ஒரு சீசன்ங்கிறது என்னன்னு யோசிங்க. நாலு சீசன் ஆட மொத்தமே அஞ்சு வருஷம்தான் அவன் கையில இருந்துச்சு, அதுல ஒண்ணை "இடம் மாறினே இல்ல, அனுபவி"ன்னு பிடுங்கிக்கிட்டாங்க. 2021ல தான் முதல் தடவை மாறினா உடனே ஆடலாம்னு ரூல் வந்துச்சு.

இதே காலத்துல கோச்சுங்க என்ன பண்ணாங்க? லிங்கன் ரைலி 2021 நவம்பர்ல ஓக்லஹோமாவை விட்டுட்டு நேரா யூ.எஸ்.சி. (சதர்ன் கலிஃபோர்னியா) போனாரு, ஒரு நாள் கூட வெளிய உக்காரல. அவரை நம்பி ஓக்லஹோமா வந்த கேலப் வில்லியம்ஸ் அவர் பின்னாடியே போனதும் பையனைத்தான் எல்லாரும் திட்டினாங்க. 2025 சீசன்ல லேன் கிஃபின் பண்ணது இன்னும் மோசம். அவர் கோச்சா இருந்த ஓல் மிஸ் (மிசிசிப்பி யூனிவர்சிட்டி) டீம் பிளேஆஃப்க்கு, அதாவது சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற நாக்-அவுட் சுற்றுக்கு, போகப்போகுது, அந்த நேரத்துல விட்டுட்டு எல்.எஸ்.யூ.க்குப் போயிட்டாரு. விசுவாசம் விசுவாசம்னு பேசுறவங்க முதல்ல கோச்சுங்க காண்ட்ராக்ட்டைப் பத்திப் பேசுங்க, அப்புறம் பையனுங்ககிட்ட வருவோம்.

சரி, ரெக்ரூட்டிங் (காலேஜுங்க பசங்களைப் பொறுக்கி எடுக்கிறது) விஷயத்துக்கு வர்றேன், எனக்கு நிஜமாவே கோபம் இங்கதான். ஒரு பையன் ஹைஸ்கூல்ல ஆடும்போதே 247 ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈ.எஸ்.பி.என். மாதிரி சைட்டெல்லாம் அவனுக்கு ரெண்டு ஸ்டார், மூணு ஸ்டார், அஞ்சு ஸ்டார்னு போட்டுடுறாங்க. உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, நாப்பது யார்டை எத்தனை செகண்ட்ல ஓடுறான், எந்த கேம்ப்புக்குப் போனான், எந்தப் பெரிய காலேஜ் ஆஃபர் குடுத்துச்சு, இதெல்லாம் வச்சுத்தான். பிளஸ் டூ மார்க்கை வச்சு ஒருத்தன் வாழ்க்கையையே முடிவு பண்ற அதே புத்திதான் இது, வேற ஒண்ணும் இல்ல. பதினேழு வயசுல உடம்பு இன்னும் வளர்ந்தே முடியல, கேம்ப்புக்குப் போக வீட்ல காசு இருந்துச்சா இல்லையான்னு யாரும் கேக்கல, சின்ன ஊர் ஸ்கூல்ல ஆடினவனைப் பாக்க ஸ்கவுட் வந்தானா இல்லையான்னும் யாருக்கும் தெரியாது.

ஸ்டார் ரேட்டிங் சுத்தப் பொய்னு நான் சொல்ல வரல. ஹன்டர், யங், வில்லியம்ஸ் மூணு பேருமே அஞ்சு ஸ்டார் பசங்கதான், சொன்ன மாதிரியே ஆடிக் காட்டினாங்க. சாம்பியன் ஆகணும்னா உன் டீம்ல பாதிக்கு மேல நாலு ஸ்டார், அஞ்சு ஸ்டார் பசங்க இருக்கணும்னு ஒரு கணக்கு இருந்துச்சு, வருஷக் கணக்கா அது தப்பவே இல்ல. ஜார்ஜியா, அலபாமா, ஓஹையோ ஸ்டேட், மிஷிகன்னு ஜெயிச்சவங்க எல்லாம் அந்தக் கணக்குக்குள்ளதான் இருந்தாங்க. அப்புறம் இந்தியானா வந்துச்சு.

இந்தியானாவைப் பத்தி புதுசா பாக்குறவங்களுக்குச் சொல்லணும். 2025 சீசன் ஆரம்பிக்கும்போது பெரிய லெவல் காலேஜ் ஃபுட்பால் வரலாற்றுலயே அதிக மேட்ச் தோத்த டீம்ங்கிற பேரு இவங்ககிட்டதான் இருந்துச்சு. பாஸ்கெட்பால் ஊரு அது, ஃபுட்பால் மேட்ச்னா ஸ்டேடியத்துக்கு வெளிய கூடி சாப்பிட்டுட்டு பாதி பேர் வீட்டுக்குப் போயிடுவாங்க. அங்க கர்ட் சிக்னெட்டி கோச்சா வந்தாரு, ஜேம்ஸ் மேடிசன்ல இருந்து. வந்த புதுசுலயே "நான் ஜெயிப்பேன், கூகிள் பண்ணிப் பாருங்க"ன்னு பேட்டி குடுத்தாரு. தன்னோட பழைய பசங்க பத்துப் பதிமூணு பேரை கூடவே கூட்டிட்டு வந்தாரு. யாருமே பெரிய ஸ்டார் இல்ல. 2024லயே பிளேஆஃப் போனாங்க, நோட்ர டேம்கிட்ட தோத்தாங்க. அடுத்த வருஷம் 16 மேட்ச், 16 வெற்றி. அவங்க ஆடுற பிக் டென் லீக்கோட ஃபைனல்ல ஓஹையோ ஸ்டேட்டை 13-10, பிளேஆஃப்ல ரோஸ் போல் மேட்ச்ல அலபாமாவை 38-3, அடுத்து ஓரிகனை 56-22, கடைசியா மயாமியை அவங்க சொந்த ஸ்டேடியத்துலயே 27-21. அலபாமாவை இந்தியானா 35 பாயின்ட் வித்தியாசத்துல அடிக்கும்னு அஞ்சு வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருந்தா அவனை விட்டுட்டு தள்ளி உக்கார்ந்திருப்போம்.

அந்த டீமோட குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துற ஆளு) மென்டோசா. மயாமிப் பையன், கியூபாவுல இருந்து வந்த குடும்பம். ஹைஸ்கூல்ல ரெண்டு ஸ்டார். பெரிய காலேஜ் எதுவும் கண்டுக்காததால யேல் போறதா முடிவு பண்ணியிருந்தான், கடைசி நேரத்துல கலிஃபோர்னியா பெர்க்லி கூப்பிட்டதால அங்க போனான். ஆடினான், படிச்சு டிகிரியும் வாங்கினான், பின்னால ஓடி ஓடி அடி வாங்கினான். அங்கேயே இருந்திருந்தா நல்ல பிளேயர்னு பேர் வாங்கியிருப்பான், அவ்வளவுதான். போர்ட்டல்ல பேர் குடுத்து இந்தியானா வந்தான். ஹைஸ்மன் நேரத்துல 33 டச்டவுன் பாஸ் (பந்தை எதிரணி எல்லைக்குள்ள சேர்க்கிற ஸ்கோர்தான் டச்டவுன்), நாட்டுலயே அதிகம். இந்தியானாவுக்கு வரலாற்றுல முதல் ஹைஸ்மன். மேடையில பேசும்போது மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸோட போராடுற அம்மாவுக்கு நன்றி சொன்னான், நடுவுல ஸ்பானிஷ்ல பேசினான். அதைப் பாத்து எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, சொல்றதுக்கு என்ன இருக்கு. ஃபைனல்ல கடைசி சான்ஸான நாலாவது டவுன்ல, பந்தை உதைச்சு மூணு பாயின்ட் எடுக்கிற ஃபீல்ட் கோல் வேணாம்னு சிக்னெட்டி சொல்ல, பந்தை எடுத்துக்கிட்டு 12 யார்ட் இடிச்சுக்கிட்டே ஓடி விழுந்து டச்டவுன் வாங்கினானே, அந்த ஒரு ஓட்டத்தை எந்த கேம்ப்புல எந்த ஸ்டாப்வாட்ச் அளக்கும்?

பதினேழு வயசுல ஒரு ரெக்ரூட்டிங், இருபது வயசுல இன்னொரு ரெக்ரூட்டிங். போர்ட்டல்னா எனக்கு இதுதான். முதல் தடவை பாத்தவங்க கண்ணுல படாதவன் ரெண்டாவது தடவை தன் ஆட்டத்தைக் காட்டி கேக்குறான். இதுல என்னங்க தப்பு?

2025 சீசன் பிளேஆஃப் செமிஃபைனல் ஆடின நாலு டீமோட குவார்ட்டர்பேக்கையும் எடுத்துக்கோங்க. இந்தியானா மென்டோசா பெர்க்லில இருந்து, மயாமி கார்சன் பெக் ஜார்ஜியால இருந்து, ஓரிகன் டான்டே மூர் யூ.சி.எல்.ஏ.ல இருந்து. ஓல் மிஸ் டிரினிடாட் சாம்ப்லிஸ் கதைதான் எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது. அவன் வந்தது கீழ் லெவலான டிவிஷன் டூல இருந்து, ஃபெரிஸ் ஸ்டேட்னு மிஷிகன்ல ஒரு சின்ன காலேஜ். அங்க சாம்பியன்ஷிப் ஜெயிச்சுட்டு ஓல் மிஸ்ஸுக்கு பேக்கப்பா வந்தான், ஸ்டார்ட்டருக்கு அடிபட்டதும் உள்ள போனான், அதுக்கப்புறம் அவனை யாராலயும் வெளிய எடுக்க முடியல. கோச் ஓடிப்போன டீமைக் கூட்டிட்டுப் போய் ஷுகர் போல்ல ஜார்ஜியாவையே தோக்கடிச்சான். பழைய ரூல் இருந்திருந்தா இவன் பேரு நமக்குத் தெரிஞ்சே இருக்காது.

இதுக்கு எதிரா சொல்றதுல நியாயமானதும் ஒண்ணு இருக்கு. சின்ன காலேஜ் வளர்த்து விடுற பசங்களை பெரிய காலேஜ் தூக்கிட்டுப் போயிடுதுன்னு. ஜேம்ஸ் மேடிசன் ரசிகர் ஒருத்தருக்கு வலிக்கும், நியாயம்தான். ஆனா அதே ஜேம்ஸ் மேடிசன், கோச்சையும் பசங்களையும் மொத்தமா பறிகுடுத்த அதே காலேஜ், 2025ல புது ஆளுங்களோட பிளேஆஃப்க்கே போச்சு. அங்க போய் ஓரிகன்கிட்ட தோத்தாங்க, ஆனா 34 பாயின்ட் போட்டுட்டுத்தான் தோத்தாங்க.

போர்ட்டல்ல பேர் குடுத்துட்டு எந்த இடமும் கிடைக்காம நடுத்தெருவுல நிக்கிற பசங்களும் இருக்காங்க, அது எனக்கும் கவலைதான். அவனுக்கு கையில இருந்த ஸ்காலர்ஷிப்பும் போயிடுது. சரியான ஆலோசனை சொல்ல ஆளில்லாம ஏஜென்ட் பேச்சைக் கேட்டு குதிக்கிறவங்க நிறைய பேர். அதைச் சரி பண்ணுங்க, கதவையே சாத்தாதீங்க.

காசு பத்தி ஒரே வார்த்தை. 2021 ஜூலைல தான் பசங்க தங்களோட பேரை வச்சு சம்பாதிக்கலாம்னு ஆச்சு, 2025ல கோர்ட் செட்டில்மென்ட்டுக்கு அப்புறம் காலேஜே நேரா காசு குடுக்கலாம்னு ஆச்சு. அதுக்கு முன்னாடி டிவி காசு, டிக்கெட் காசு, ஜெர்சி காசு எல்லாம் யார் பாக்கெட்டுக்குப் போச்சு? அப்போ யாரும் விளையாட்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லல.

மாறாம இருந்தவனையும் நான் கொண்டாடுவேன், அதுல மாத்துக் கருத்தே இல்ல. 2024ல பாய்ஸி ஸ்டேட் ஆஷ்டன் ஜென்டி, மூணு ஸ்டார் பையன், பெரிய காலேஜுங்க கண்ணு வச்சிருந்தும் அங்கேயே இருந்து 2,601 யார்ட் ஓடினான். 1988ல பேரி சாண்டர்ஸ் வச்ச 2,628 ரெக்கார்டுக்கு வெறும் 27 யார்ட் கம்மி. சாண்டர்ஸ் அதை 11 மேட்ச்ல பண்ணாரு, அந்தக் காலத்துல சீசன் முடிஞ்சு ஆடுற போல் மேட்ச் கணக்குல சேராது, அதனால என்னைப் பொறுத்தவரைக்கும் சாண்டர்ஸ் சீசன்தான் இன்னிக்கும் பெருசு. அந்த வருஷ ஹைஸ்மன் ஹன்டருக்குப் போனதும் சரிதான். ஒரே மேட்ச்ல பந்தைப் பிடிக்கிற ரிசீவராவும் அதைத் தடுக்கிற கார்னர்பேக்காவும் ரெண்டு பக்கமும் முழுசா ஆடினவனுக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பாங்க?

ஆனா ஓட்டு போடுறவங்க மேல எனக்கு ஒரு பெரிய குறை இருக்கு. 2000ல இருந்து 2025 வரைக்கும் 26 ஹைஸ்மன், அதுல 21 குவார்ட்டர்பேக். டிஃபென்ஸ்ல மட்டும் ஆடினவன் யாரும் இதுவரைக்கும் ஜெயிச்சதே இல்ல, 1997ல ஜெயிச்ச சார்ல்ஸ் வுட்சன் கூட பன்ட் ரிட்டர்ன், ரிசீவர்னு கூடவே ஆடினவரு. 2009ல நெப்ராஸ்காவோட என்டாமுகன் சூ டெக்சஸுக்கு எதிரா ஒரே மேட்ச்ல நாலரை சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோட கீழ தள்ளுறது) பண்ணாரு, அந்த மேட்ச்சைப் பாத்தவன் எவனும் மறக்க மாட்டான், அவருக்குக் கிடைச்சது நாலாவது இடம். குவார்ட்டர்பேக்குக்கு முன்னாடி நின்னு காக்குற அஃபென்சிவ் லைன்மன் ஒருத்தன் கூட ஜெயிச்சதில்ல. ஸ்டார் போடுறவங்க பண்ற அதே வேலையை இவங்களும் பண்றாங்க, கண்ணுக்கு பளிச்னு தெரியுறவனை மட்டும் பாக்குறாங்க.

2026 ஜனவரி 1 ரோஸ் போல்ல அலபாமாவுக்கு எதிரா சிறந்த அஃபென்ஸ் ஆட்டக்காரன்னு யாருக்கு விருது குடுத்தாங்கன்னு ஞாபகம் இருக்கா? மென்டோசாவுக்கு இல்ல. அவனுக்குப் பந்தை எடுத்துக் குடுக்கிற சென்டர் பாட் கூகனுக்கு. அவனும் போர்ட்டல்ல வந்தவன்தான், நோட்ர டேம்ல இருந்து. லைன்மனுக்கு ஒரு பெரிய மேட்ச்ல அப்படி ஒரு விருது குடுத்ததைப் பாத்து நான் சோஃபால இருந்து எழுந்து நின்னு கை தட்டினேன், வீட்ல எல்லாரும் என்ன ஆச்சுன்னு ஓடி வந்தாங்க. ஹைஸ்மன் ஓட்டுச்சீட்டுல மூணு பேர் எழுத இடம் இருக்கு. ஓட்டு இருக்கிறவங்க மூணாவது இடத்துலயாவது வருஷத்துக்கு ஒரு லைன்மன் பேரை எழுதுங்க. இந்த வருஷம் நீங்க யாரை எழுதுவீங்கன்னு கமென்ட்ல சொல்லுங்க, குவார்ட்டர்பேக் தவிர.