மார்மன் வரலாற்றில் பெரிய கோடு எங்கே விழ வேண்டும்?

அமெரிக்காவில் பிறந்த கிறிஸ்தவப் பிரிவான மார்மன் திருச்சபையின் வரலாற்றைப் பெரும்பாலும் ஊர் ஊராகப் பிரித்துத்தான் சொல்வார்கள். 1830-இல் நியூயார்க்கில் ஜோசப் ஸ்மித் சபையைத் தொடங்கினார். அப்புறம் ஒஹாயோ, மிசூரி, இல்லினாய். 1844-இல் கார்த்தேஜ் சிறையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1847-இல் அவருக்குப் பின் தலைமையேற்ற பிரிகாம் யங் மக்களைக் கூட்டிக்கொண்டு இன்றைய யூட்டாவில் உள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். இதுவரை எனக்கு மறுப்பில்லை. துரத்தித் துரத்தி அடிக்கப்பட்ட சபை அது, ஊரை வைத்துக் காலத்தைக் கணக்கிடுவது சரிதான்.

யூட்டாவுக்கு வந்த பிறகுதான் எனக்குக் கோபம் வருகிறது. காலத்தைப் பிரிக்கும் அடுத்த பெரிய கோடாக 1890-ஐப் போட்டுவிடுகிறார்கள். அந்த வருடம்தான் அப்போதைய சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப், சபையில் வழக்கத்தில் இருந்த பலதார மணத்தைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார். பலதார மணத்துக்கு எதிரான 1887-இன் அமெரிக்கச் சட்டம் சபையின் சொத்தையே பறிக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தது, வேறு வழியில்லை. அறிக்கை வந்தது, 1896-இல் யூட்டா மாநிலமானது, புதிய காலம் பிறந்தது என்று கதை போகும். ஆனால் அறிக்கைக்குப் பிறகும் சில தலைவர்களின் ஒப்புதலோடு பலதார மணங்கள் நடந்தன. அதனால்தான் 1904-இல் இரண்டாவது அறிக்கை தேவைப்பட்டது.

அதைவிட முக்கியமான கேள்வி, யாருடைய வாழ்க்கையை வைத்துக் காலத்தைப் பிரிக்கிறோம் என்பது. ஜேன் மேனிங் ஜேம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கனெக்டிகட்டில் பிறந்த கறுப்பினப் பெண். சபையில் சேர்ந்து, 1843-இல் குடும்பத்தோடு, இல்லினாயில் அப்போது சபையின் மையமாக இருந்த நாவூ நகரத்துக்குக் கிளம்பினார். வழியில் படகில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். மிச்சத் தூரம் முழுக்க நடைதான். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, தரையில் காலடி முழுதும் ரத்தத் தடமாகப் பதிந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஸ்மித் வீட்டில் தங்கி வேலை செய்தார். 1847-லேயே சால்ட் லேக் வந்துவிட்டார்.

1852-இல் பிரிகாம் யங் கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் (சபையில் சடங்குகளை நடத்தும் அதிகாரம்) கிடையாது என்று வெளிப்படையாக அறிவித்தார். இத்தனைக்கும் எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவருக்கு 1836-லேயே, ஸ்மித் உயிரோடு இருந்தபோதே, அது வழங்கப்பட்டிருந்தது. ஆலயத்தின் உயர்ந்த சடங்குகள் கறுப்பினப் பெண்களுக்கும் மறுக்கப்பட்டன. ஜேன் தலைவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் 1894-இல் ஒரு சடங்கு நடத்தினார்கள். ஜோசப் ஸ்மித்தின் குடும்பத்தோடு நித்தியத்துக்கும் அவரை இணைத்தார்கள், பணியாளாக! அதையும் ஆலயத்துக்குள் போய் அவரால் ஏற்க முடியவில்லை. அதே ஊரில் உயிரோடு இருந்தவருக்குப் பதிலாக வேறொரு பெண் நின்றார். அதன் பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். 1908-இல் இறந்தார்.

இவருக்கு 1890 என்ன புதிய காலம்? 1896-தான் என்ன? 1852 முதல் 1978 வரை ஒரே காலம் என்றுதான் நான் சொல்வேன். 1978 ஜூனில் அப்போதைய சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பால் தடையை நீக்கினார். அப்போது பிரேசிலின் சாவோ பாலோவில் ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தது. யாருக்கு ஆப்பிரிக்க வம்சாவளி, யாருக்கு இல்லை என்று பிரித்தே பார்க்க முடியாத நாடு அது. உள்ளே போக முடியாது என்று தெரிந்தும் அந்த ஆலயத்துக்காகப் பணமும் உழைப்பும் கொடுத்த கறுப்பின உறுப்பினர்கள் அங்கே இருந்தார்கள். இன்று சபையின் பெரும்பான்மை உறுப்பினர்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறார்கள். 1978 இல்லாமல் அந்தச் சபையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

1890 முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அது அரசாங்கத்துக்கும் சபைக்கும் நடந்த வழக்கின் முடிவு. நீண்ட காலத்துக்குள் ஒரு உட்பிரிவாக அது இருக்கட்டும். தலைவர்களின் அறிக்கைத் தேதிகளை மட்டும் வைத்துப் பிரித்தால் ஜேன் போன்றவர்கள் அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறார்கள். 1978-ஐயும் முழுமையான முடிவாக எழுதிவிடக் கூடாது. தடைக்காகச் சொல்லப்பட்டு வந்த காரணங்களைச் சபை விரிவான கட்டுரையாக எழுதி நிராகரித்தது 2013-இல்தான்.