மூச்சு சரியாயிடுச்சு, மத்த மாத்திரை எதுக்கு?

மருந்துக் கடையில் நிற்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. டாக்டர் என்ன எழுதினார் என்பதும் தெரியும், அதில் ஜனங்கள் எதை வாங்குகிறார்கள், எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதும் தெரியும். இரண்டாவது விஷயம் பல டாக்டர்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதயச் செயலிழப்பு, அதாவது 'ஹார்ட் பம்பிங் கம்மி' என்று ஊரில் சொல்வார்களே, அந்த நோயாளியின் சீட்டில் ஐந்தாறு மாத்திரை இருக்கும். விலையைச் சொன்னதும், "தம்பி, மூச்சுக்கும் கால் வீக்கத்துக்கும் உள்ளதை மட்டும் குடுங்க, மத்தத அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பார்கள். அவர்கள் கேட்பது ஃபுரோசமைடு, லேசிக்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். நீர் மாத்திரை. காலையில் போட்டால் மதியத்துக்குள் நாலு தடவை பாத்ரூம் போய், சாயந்திரம் செருப்பு காலுக்குள் நுழையும், ராத்திரி ஒரு தலையணையில் படுக்க முடியும். வேலை செய்வது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் நம்புகிறார்கள். ஆனால் அந்த மாத்திரை ஆயுளைக் கூட்டும் என்று பெரிய ஆய்வு எதுவும் நிரூபித்ததில்லை. ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணமானவை, அவர்கள் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்களே, அவைதான்.

உள்ளே நடப்பது இதுதான். ஹார்ட் அட்டாக்கில் தசை செத்தோ, பல வருஷ பிரஷராலோ, வால்வு கெட்டோ, குடியாலோ, சில பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டியோ இதயம் பலவீனமாகிறது. சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் குறைகிறது. உடம்பு, எங்கேயோ காயம் பட்டு ரத்தம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறது. உடனே உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது, ரத்தக்குழாயைச் சுருக்குகிறது, அட்ரினலினைச் சுரந்து இதயத்தை விரட்டுகிறது. களைத்துப்போன மாட்டைச் சாட்டையால் அடித்து ஓட்டுகிற கதை. தேங்கின தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் இறங்குகிறது. நீர் மாத்திரை அந்தத் தண்ணீரைத்தான் எடுக்கும், சாட்டையைப் பிடுங்காது. பிடுங்குவது மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், கார்வெடிலால் என்கிற பீட்டா பிளாக்கர் வகையறா, எனலாப்ரில் அல்லது சாக்குபிட்ரில்-வால்சார்ட்டான், ஸ்பைரோனோலாக்டோன். நாலாவதாக டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வந்து சேர்ந்துகொண்டன. இவற்றைப் போட்டால் அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. பீட்டா பிளாக்கர் ஆரம்பித்த முதல் சில வாரம் கூடுதலாக அசதிகூட இருக்கும்.

பீட்டா பிளாக்கர் கதை இன்னும் வேடிக்கை. பலவீனமான இதயத்துக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்றுதான் ஒரு காலத்தில் டாக்டர்களே படித்தார்கள். 1975-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் வாக்ஸ்டைன் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்து, தேறுகிறார்கள் என்று எழுதினார்கள். நம்ப ஆளில்லை. 1999-ல் பெரிய ஆய்வுகள் வந்து, சாவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். ஸ்பைரோனோலாக்டோனுக்கும் அதே 1999. தீவிர நோயாளிகளிடம் சாவு 30 சதவீதம் குறைந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். விலை குறைந்த மாத்திரைதான் அது.

சரி, காசு இல்லாமல் விடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் காசு மட்டும் காரணம் இல்லை. சர்க்கரையே இல்லாதவர் சீட்டில், முதலில் சர்க்கரை நோய்க்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின் இருக்கும். மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, "அப்பாவுக்கு சுகரே கிடையாதுங்க, டாக்டர் மாத்தி எழுதிட்டாரு" என்று சண்டைக்கு நிற்பார். மாற்றி எழுதவில்லை ஐயா. 2019-ல் வந்த ஆய்வில் அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த நோயாளிகளில் பாதிக்கு மேல் சர்க்கரை நோய் இல்லாதவர்கள், அவர்களுக்கும் அதே பலன் கிடைத்தது. இந்த ஒரு வரியை ஓ.பி.யில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். அதை சளி என்று நினைத்து சிரப்புக்கு மேல் சிரப்பு வாங்குவார்கள், அப்புறம் யாரோ சொல்லி மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள். ஸ்பைரோனோலாக்டோன் சில ஆண்களுக்கு மார்பை வீங்க வைக்கும், தொட்டால் வலிக்கும். பெரியவர் யாரிடம் சொல்வார்? வெட்கப்பட்டு அவரே விட்டுவிடுவார், கேட்டால் "தீந்துபோச்சு" என்பார். இரண்டுக்குமே மாற்று இருக்கிறது. மார்பு வீக்கத்துக்கு எப்லெரினோன் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் வாயைத் திறந்து சொன்னால்தானே மாற்ற முடியும்.

இன்னொரு கூட்டம், நன்றாகிவிட்டது என்று நிறுத்துகிறவர்கள். எக்கோ ஸ்கேனில் பம்பிங் 30 சதவீதம் இருந்தது 52 ஆகிவிட்டது, இனி எதற்கு என்று. (இடையில் ஒன்று, அது நூற்றுக்கு மார்க் இல்லை, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. நல்ல இதயத்துக்கே 55-லிருந்து 70 வரைதான். பயந்துபோய் "பாதிதான் வேலை செய்யுதாமே" என்று அழுகிறவர்களும் உண்டு. பம்பிங் 60 இருந்தும் இதயம் விறைத்துப்போய் மூச்சு வாங்குகிறவர்களும் உண்டு, அதுவும் இதே நோயின் இன்னொரு வகை.) இந்த நிறுத்தும் கேள்விக்கே லண்டனில் ஒரு ஆய்வு நடந்தது. இதயத் தசை நோயிலிருந்து முழுசாகத் தேறியவர்களை எடுத்து, ஒரு பாதிப் பேருக்கு டாக்டர் கண்காணிப்பிலேயே மருந்தைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பிவிட்டது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அங்கே ஸ்கேன் எடுத்துக் கவனித்தார்கள், உடனே பிடித்தார்கள். நம் ஊரில் யார் கவனிப்பார்கள்?

திருவனந்தபுரத்தில் 2013-ல் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பதிவு செய்து பின்தொடர்ந்தார்கள். சராசரி வயது 61. ஐந்து வருஷத்தில் 59 சதவீதம் பேர் உயிரோடு இல்லை. பம்பிங் குறைந்தவர்களில் முறையான மருந்துகளோடு வீட்டுக்குப் போனவர்கள் நாலில் ஒருவர்தான். படிப்பறிவிலும் ஆஸ்பத்திரியிலும் முன்னே நிற்கிற கேரளத்திலேயே இப்படி. ஸ்டென்ட் வைக்க ஊர் கூடி வட்டிக்குப் பணம் புரட்டுகிறோம், அதற்கப்புறம் மாதா மாதம் வாங்க வேண்டிய மாத்திரையில் சிக்கனம் பிடிக்கிறோம். எனக்கு இது புரியவே இல்லை.

விலையும் பழைய மாதிரி இல்லை. டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2020-ல் முடிந்தது, சாக்குபிட்ரில்-வால்சார்ட்டானுக்கு 2023, எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச். ஒவ்வொன்று முடிந்ததும் பல கம்பெனிகள் இறங்கி விலை சரிந்தது. மக்கள் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். "முன்னாடி கேட்டேன், கட்டுப்படியாகல" என்றவர்கள் இன்னொரு முறை விலை கேட்கலாம்.

அடுத்து சொல்லப்போவதற்கு என் தொழில்காரர்களே கோபிப்பார்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், செட் மாத்திரை என்று சீட்டு இல்லாமல் கொடுப்பதை நிறுத்த வேண்டும். இவை உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாலு நாள் முட்டிவலிக்குப் போட்டுவிட்டு அஞ்சாம் நாள் மூச்சுத் திணறலோடு ஆட்டோவில் போனவர்களை எனக்குத் தெரியும். வாங்குகிறவர்களும் "ஹார்ட்டுக்கு மாத்திரை சாப்பிடுறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'உப்பு குறைந்த உப்பு' என்று விற்பதையும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள், அதில் இருப்பது பொட்டாசியம். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவருக்கு அது ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும். இளநீரும் அதே கணக்கு.

வீட்டில் ஒரு எடை மெஷின் வாங்குங்கள். காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு, சாப்பிடும் முன் ஏறி நின்று, காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழேயே எழுதி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சோறு இல்லை, தண்ணீர். மூச்சு வாங்கும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள். வாந்தி, பேதி வந்து சாப்பிடவே முடியாத நாளிலும் அப்படித்தான், நீர் மாத்திரையையும் டாபாகிளிஃப்ளோசினையும் அன்றைக்குப் போடலாமா வேண்டாமா என்று அவரையே கேளுங்கள், கூடவே திரும்ப எப்போது ஆரம்பிப்பது என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.