‘டென்ஷன் ஜீன்’ டெஸ்டுக்குக் காசு கட்டும் முன்

எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் போதும், ‘உங்களுக்கு இருப்பது டென்ஷனில் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் ஏறுகிற பரம்பரையா’ என்று சொல்லிவிடுகிறோம் என்று விற்கிறார்கள். என் கருத்து: அந்தக் காசு தண்டம். ஆனால் இதே ஹார்மோனில், மரபணு நிஜமாகவே உயிரைத் தீர்மானிக்கிற ஓர் இடம் உண்டு. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

கார்ட்டிசாலில் பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. காலையில் கண் விழித்ததும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கார்ட்டிசால் சட்டென்று ஏறும். இரட்டையர்களை வைத்துப் பார்த்த ஆய்வில் அந்த ஏற்றத்தில் மரபின் பங்கு சுமார் 40% என்று வந்தது. ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் 40% என்றுதான் இதற்கு அர்த்தம். உங்கள் உடம்பில் ஓடும் கார்ட்டிசாலில் 40% அப்பா அம்மா கொடுத்தது என்று படித்தால் தப்பு.

சரி, எந்த ஜீன்? 2014இல் கார்னெட் என்ற ஆய்வாளர் கூட்டமைப்பு 12,597 பேரின் காலை நேர ரத்தக் கார்ட்டிசாலை மரபணுத் தொகுதி முழுக்க ஒப்பிட்டுத் தேடியது. உறுதியாகச் சிக்கியது ஒரே இடம், 14ஆவது குரோமோசோமில். அதுவும் மொத்த வேறுபாட்டில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விளக்கியது. வேடிக்கை என்னவென்றால், அங்கே இருக்கும் செர்பினா6 மூளை சம்பந்தப்பட்ட ஜீனே இல்லை. கல்லீரலில் டிரான்ஸ்கார்ட்டின் என்ற சுமக்கும் புரதத்தைச் செய்கிற ஜீன். ரத்தக் கார்ட்டிசாலில் 80 முதல் 90% இந்தப் புரதத்தின் மேல் ஏறித்தான் பயணம் செய்கிறது. கொஞ்சம் ஆல்புமினோடு போகும். மிச்சம் சுமார் 5% தான் அந்த நேரத்தில் கட்டில்லாமல் செல்லுக்குள் போய் வேலை பார்ப்பது. வழக்கமான லேப் டெஸ்ட் இந்த மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்து எண்ணிவிட்டு, கடைத்தெருவில் கூட்டம் அதிகம் என்று சொல்கிற கணக்கு.

ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கும் கர்ப்பிணிக்கும் மொத்தக் கார்ட்டிசால் எகிறுவது இதனால்தான். சுமக்கும் புரதம் கூடியிருக்கிறது, அவ்வளவே. நேர்மாறாக, சிவப்பழகுக்கென்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கிரீம் பூசுகிறவருக்குக் காலை அளவு தரைக்கு வந்துவிடலாம். கார்ட்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வருகிறதே என்று, மூளைக்கு அடியில் இருந்துகொண்டு கார்ட்டிசால் சுரக்கும்படி அட்ரினல் சுரப்பியை ஏவுகிற பிட்யூட்டரி, ஏவுவதை நிறுத்திவிடுகிறது. அதிமதுரம் மெல்லுகிறவருக்கு, எச்சிலில் கார்ட்டிசால் அளவைப் பார்க்கும் டெஸ்ட் தப்பாக ஏற்றிக் காட்டும். எந்த டெஸ்டுக்கும் முன்னால் மாத்திரை, கிரீம், இன்ஹேலர், நாட்டு மருந்து எல்லாவற்றையும் டாக்டரிடம் ஒப்பித்துவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

ஜீன் டெஸ்டுக்காரர்கள் தூக்கிப் பிடிக்கிற இன்னொரு பெயர் எஃப்கேபிபி5. கார்ட்டிசால் வந்து உட்காரும் ஏற்பியின் பிடியைத் தளர்த்துகிற புரதம் இது. இதன் ஒரு வகை உள்ளவர்களுக்கு, ‘போதும், நிறுத்து’ என்ற செய்தி மூளைக்கு மெதுவாகப் போகிறது. ஆனால் 2008இல் வெளிவந்த முக்கியமான ஆய்வில் இந்த ஜீன் தனியாக எதையும் செய்யவில்லை. சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளானவர்களிடம்தான் மன அதிர்ச்சி நோயோடு அதன் தொடர்பு தெரிந்தது. குப்பியோடு வரும் படிவம் உங்கள் பால்யத்தைப் பற்றி ஒரு வரி கேட்கிறதா?

மரபணு உயிரைத் தீர்மானிக்கிற இடம் ஒன்று உண்டு என்றேனே, இப்போது அது. சிஒய்பி21ஏ2 ஜீனின் இரண்டு பிரதியும் பழுதானால் அட்ரினல் சுரப்பிக்குக் கார்ட்டிசால் செய்ய வராது. பிட்யூட்டரி விடாமல் விரட்ட, சுரப்பி பருத்து ஆண் ஹார்மோனைக் கொட்டும். பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பில் மாற்றம் தெரியும் என்பதால் டாக்டர் சந்தேகப்படுவார். ஆண் குழந்தை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வீட்டுக்குப் போய் இரண்டு, மூன்று வாரத்துக்குள் வாந்தி, எடை இறக்கம், உப்பு வெளியேறி மயக்கம். ‘பால் ஒத்துக்கவில்லை’ என்று சும்மா இருந்தால் உயிர் போகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்தபோது இந்தக் குறை 5,762 பேரில் ஒருவருக்கு இருந்தது. சென்னையில் மட்டும் 2,036இல் ஒருவர். பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பழுதுப் பிரதி சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது இருவரும் அதே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது.

கண்டுபிடிக்கக் குதிகாலில் சில சொட்டு ரத்தம் போதும். கார்ட்டிசால் செய்ய முடியாதபோது ரத்தத்தில் தேங்குகிற 17-ஓஎச்பி என்ற பொருளின் அளவைப் பார்ப்பார்கள். பிறந்த முதல் நாளிலேயே எடுத்தால் நல்ல குழந்தைக்கும் ஏறிக் காட்டும், குறைமாதக் குழந்தைக்கும் அப்படித்தான். 48 மணி நேரம் கழித்து எடுப்பது நல்லது. உறுதியானால் கார்ட்டிசாலுக்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்து தினம் மூன்று வேளை, உப்பு இழப்பவர்களுக்குக் கூடவே உப்பைத் தக்கவைக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். காய்ச்சல் வந்தால் டாக்டர் சொல்லிவைத்தபடி ஹைட்ரோகார்ட்டிசோன் இரண்டு, மூன்று மடங்கு. மாத்திரை வாந்தியில் வெளியே வந்துவிட்டால் ஊசி, உடனே ஆஸ்பத்திரி.

வீட்டில் பிரசவம் நெருங்குகிறதென்றால் ஆஸ்பத்திரியில் மூன்று கேள்வி கேளுங்கள்: 17-ஓஎச்பி பார்ப்பீர்களா, எத்தனை மணி நேரத்தில் ரத்தம் எடுப்பீர்கள், டிஸ்சார்ஜ் ஆன பிறகு ரிசல்ட் வந்தால் எங்களை யார் கூப்பிடுவார்கள்?