"வீடு இருக்குல்ல, அப்புறம் என்னம்மா?"

2024 அக்டோபர் மழைல எங்க பெரிம்மா வீட்ல சீலிங் பேந்து விழுந்துச்சு. சென்னை தண்டையார்பேட்டை, கடல்ல இருந்து நடந்து போற தூரம், பெரிப்பா 1988ல கட்டுன வீடு, ஒரு ரூமு, ஒரு கிச்சன், முன்னால வராண்டா, அவ்ளோதான். விடிகாத்தால நாலு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவங்க திரும்பி வந்து பாத்தா தலகாணி மேல சிமென்ட் கட்டி கெடக்குது. எனக்கு போன் போட்டு மொத வார்த்தை என்னா சொன்னாங்க தெரியுமா, "ஒண்ணும் இல்லடா, டிவி தப்பிச்சுது".

பெரிப்பா ஒரு கம்பெனில 22 வருஷம் உழைச்சாரு. அவர் போனப்புறம் பெரிம்மாவுக்கு பிஎஃப்ல இருந்து விதவை பென்ஷன் மாசம் ஆயிரம் ரூபா. 2014ல குறைஞ்சபட்சம் ஆயிரம்னு வெச்சது, அப்படியே நிக்குது. எதிர் வீட்டு ஆயா வாங்குற முதியோர் உதவித்தொகையாச்சும் 2023ல ஆயிரத்துல இருந்து 1200 ஆச்சு. எங்க ஏரியால ஒரு கொத்தனாரோட ஒரு நாள் கூலிக்கே ஆயிரம் பத்தாது, இதுல கூரைய எங்க இருந்து கட்டறது? வாசல்ல இட்லி சுட்டு விக்கறதாலதான் அவங்க வண்டி ஓடுது.

மொதல்ல வந்த மேஸ்திரி அண்ணாந்து பாத்துட்டு "18,000 குடு, பூசி வுட்டுர்றேன்"னாரு. நல்லவேளை குடுக்கல. ரெண்டாவதா வந்தவரு வயசானவரு, சுத்தியல வெச்சு சீலிங் பூரா தட்டிப் பாத்தாரு, நல்லா இருக்கற எடத்துல கணீர்னு கேக்குது, கெட்டுப் போன எடத்துல டொம்முனு கேக்குது, பாதிக்கு மேல டொம்மு தான். கடல் காத்து உப்பு உள்ள எறங்கி கம்பி துரு புடிக்குதாம், துரு புடிச்ச கம்பி பருத்து சிமென்ட்ட கீழ தள்ளுதாம், மாடித் தரைல பதிச்ச தட்டோடு விரிஞ்சு தண்ணியும் எறங்குச்சுன்னா கேக்கவே வேணாம். துருவ சுரண்டி கெமிக்கல் அடிக்காம மேல பூசுனா ரெண்டு மழை தாங்காதுன்னாரு. எல்லாம் சேத்து 1,10,000.

சரி கவர்மெண்ட்ல ஏதாச்சும் இருக்கும்னு கிளம்புனேன். மூணு மாசம் லீவு லீவா போட்டு அலைஞ்சேன். எந்த கவுண்டர்ல போய் நின்னாலும் ஒரே கேள்வி, "வீடு இருக்குல்ல, அப்புறம் என்னம்மா?"

பிரதமர் வீட்டு திட்டம் நகரத்துக்கும் இருக்கு, ஆனா இந்தியால எங்கயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. பெரிம்மாவோடது கான்கிரீட்டு, அதனால பக்கா. தலகாணி மேல விழுந்தாலும் பக்கா. 2015ல வந்த பழைய திட்டத்துல இருக்கற வீட்ட பெருசாக்கவும் ஒன்றரை லட்சம் குடுத்தாங்க, அதுக்கு கொறஞ்சது 9 சதுர மீட்டர் புதுசா கட்டியாகணும். எங்க கட்டறது? பக்கத்துல எடம் இல்ல, விழற கூரை மேல தான் கட்டணும். கலைஞர் கனவு இல்லம் மூன்றரை லட்சம் தராங்க, அது கிராமத்துக்கு. ரிப்பேருக்குன்னே ஒரு மாநில திட்டம் இருக்கு, சந்தோஷமா படிச்சுக்கினே போனா அதுவும் கிராமத்துல கவர்மெண்ட் கட்டிக் குடுத்த பழைய வீடுங்களுக்கு மட்டும். அமெரிக்கால இருக்கற என் கிளாஸ்மேட் சொன்னான், அங்க 62 வயசு தாண்டுன ஏழைங்களுக்கு வீட்ட சரி பண்ண 10,000 டாலர் வரைக்கும் திருப்பித் தர வேணாத மானியம் இருக்காம், கடனா வாங்கினா ஒரு பர்சன்ட் வட்டி. வாயப் பொளந்துக்கினு கேட்டேன். கடைசில அதுவும் கிராமத்துக்குத்தானாம்! பட்டணத்துல ஏழை இருக்க மாட்டான்னு உலகம் பூரா முடிவு பண்ணிட்டாங்க போல.

பேங்குக்கு போனா இன்னும் காமெடி. பென்ஷன்ல மூணுல ஒரு பங்கு இஎம்ஐ போட்டாலே மாசம் 330 ரூபா, அதுக்கு என்ன லோன் வரும்னு மேனேஜரே கணக்கு போட்டு சிரிச்சாரு. ரிவர்ஸ் மார்ட்கேஜ்னு ஒண்ணு 2007ல இருந்து இருக்கு, 60 தாண்டுனவங்க வீட்ட பேங்க்ல வெச்சு பணம் வாங்கிக்கலாம், சாவற வரைக்கும் வீட்டுலயே இருக்கலாம், ரிப்பேருக்கும் எடுக்கலாம்னு விதியிலயே போட்டிருக்கு. ஆனா வீட்டுக்கு இன்னும் 20 வருஷமாவது ஆயுசு இருக்கணுமாம். அந்த ஆயுசுக்குத்தான்யா காசே கேக்கறோம்! பத்திரமும் பெரிப்பா பேர்லயே இருக்கு, வாரிசு சர்டிபிகேட் வாங்கல, பட்டா மாத்தல. வீட்ல பெரியவங்க இருந்தா இத மட்டும் நல்லா இருக்கும்போதே முடிச்சுருங்க, எங்க போனாலும் இதுலதான் வந்து முட்டுது.

பெரிம்மா பையன் பிஎஃப்ல எடுக்கலாம்னு பாத்தான். வீட்டு ரிப்பேருக்கு எடுக்க வீடு அவன் பேர்லயோ பொண்டாட்டி பேர்லயோ இருக்கணும்ங்கறது அப்ப இருந்த ரூல். அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லனா எடுக்கலாம், அம்மா வீடு சரியில்லனா எடுக்க முடியாது.

தெனம் வந்து வசூல் பண்ற வட்டிக்காரர், அதான் தண்டல்காரர், அவர் மட்டும்தான் ஒரு பேப்பரும் கேக்கல. பத்தாயிரம்னா கைல 8,500, நூறு நாளைக்கு தெனம் நூறு ரூபா. சின்னதா தெரியும், வருஷக் கணக்குல பாத்தா நூறு பர்சன்ட்ட தாண்டுது. அந்தப் பக்கமே போகாதீங்க.

கடைசில எப்படி முடிஞ்சுதுன்னா, ரெண்டரை சவரன் செயின அடகு வெச்சோம், அக்கா அவங்க மகளிர் குழுல கொஞ்சம் எடுத்துக் குடுத்தாங்க, நான் கொஞ்சம் போட்டேன். மேஸ்திரி கிட்ட பேசி வேலைய மூணா பிரிச்சுக்கினோம், மொதல்ல மாடில தண்ணி எறங்கறத அடைக்கறது, அப்புறம் ரூமு, அப்புறம் கிச்சன். அதுவரைக்கும் விழற எடத்துல கூரைய தாங்க வாடகைக்கு ஜாக்கி முட்டு.

நான் கேக்கறது மூன்றரை லட்சம் இல்ல. மாடில விரிஞ்ச தட்டோட்ட மாத்த, கம்பில துரு சுரண்ட, மெட்ரோ சிட்டில இருக்கற கெழவிக்கும் ஒரு அம்பதாயிரம், மாநகராட்சி இன்ஜினியர் வந்து தட்டிப் பாத்துட்டு நேரா மேஸ்திரிக்கே குடுக்கட்டும். 2021 டிசம்பர்ல திருவொற்றியூர் அரிவாக்குளத்துல குடியிருப்பு இடிஞ்சு 24 வீடு போச்சே, விரிசல பாத்து ஜனங்க முன்னாடியே வெளிய வந்ததால உயிர் தப்பிச்சுது, அப்புறம் குடும்பத்துக்கு ஒரு லட்சம் குடுத்தாங்க. இடிஞ்சப்புறம் ஒரு லட்சம் இருக்கு, இடியறதுக்கு முன்னாடி அம்பதாயிரம் இல்லயா?

மாடியும் ரூமும் முடிஞ்சுது. கிச்சன் பாக்கி, செயின் இன்னும் அடகுலதான். முட்டு கம்பி நடுவுல உக்காந்துதான் பெரிம்மா தெனம் மாவு அரைக்குது, அந்தக் கம்பிலயே துணிப்பைய மாட்டி வெச்சிருக்கு.